லைக் பட்டனும் ஒரு சட்ட மாணவரும்: இணையத்தில் பின்தொடரப்பட்ட கதை

2007ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரம். அமெரிக்காவில் ஒருவர் தன் மனைவிக்குத் தெரியாமல் ஒரு வைர மோதிரம் வாங்க நினைத்தார். ஓவர்ஸ்டாக் என்ற இணையக் கடையில் ஆர்டரும் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் என்ன வாங்கினார், எவ்வளவு தள்ளுபடியில் வாங்கினார் என்ற செய்தி பேஸ்புக்கில் அவருடைய நண்பர்கள் அத்தனை பேருக்கும் போய்விட்டது. அந்த நண்பர்கள் பட்டியலில் மனைவியும் இருந்தார்!

வாங்கியது ஒரு கடையில். செய்தி வந்தது வேறொரு தளத்தில். இரண்டுக்கும் நடுவில் யார் இந்தத் தகவலைச் சுமந்து போனது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், இணையத்தில் அந்தரங்கம் என்ற விஷயத்தின் முப்பது வருட வரலாறே கிடைத்துவிடும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

டோக்கனாகப் பிறந்த குக்கீ

ஆரம்ப கால இணையத்துக்கு ஞாபக சக்தியே கிடையாது. ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், இரண்டையும் பார்த்தது ஒரே ஆள்தான் என்று தளத்துக்குத் தெரியாது. இப்படி இருந்தால் இணையத்தில் கடை நடத்த முடியுமா? கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு இன்னொன்றைத் தேடப் போனால் கூடையே காணாமல் போய்விடும்.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி என்ற இளைஞர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள் அல்லவா? டோக்கனைத் திருப்பிக் காட்டினால் போதும், வண்டி எது என்று தெரிந்துவிடும். உங்கள் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். அதே போலத் தளம் ஒரு சின்ன குறிப்பை பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். அடுத்த முறை வரும்போது பிரவுசர் அதைக் காட்டும். இதுதான் குக்கீ.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு நிரந்தர எண் கொடுத்துவிட்டால் வேலை இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். மொன்டுல்லி அதை வேண்டாம் என்று ஒதுக்கினார். அப்படிச் செய்தால் ஒரே ஆளை எல்லாத் தளங்களும் சேர்ந்து பின்தொடர முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கொடுத்த தளம் மட்டுமே தன் குக்கீயைத் திரும்பப் படிக்க முடியும் என்று விதி வைத்தார்.

ஆனால் அந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு பக்கத்தில் உள்ள படங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருந்து வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பத்திரிகைத் தளத்தில் தெரியும் விளம்பரப் படம் விளம்பர நிறுவனத்தின் சர்வரில் இருந்து வரும். அந்தப் படத்தோடு அந்த நிறுவனமும் தன் டோக்கனைக் கொடுத்துவிடும். அதே நிறுவனத்தின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருந்தால்? ஊரில் உள்ள எல்லா சைக்கிள் ஸ்டாண்டிலும் ஒரே ஆள் டோக்கன் கொடுக்கிற மாதிரிதான். நீங்கள் காலையில் எங்கே போனீர்கள், மாலையில் எங்கே போனீர்கள் என்று அவருக்கு மட்டும் முழுக்கத் தெரியும்.

1997 பிப்ரவரியில் இணையத் தொழில்நுட்ப வல்லுநர்கள் குக்கீக்கு ஒரு தரநிலை எழுதினார்கள். இப்படி மூன்றாம் ஆள் வைக்கும் குக்கீயை பிரவுசர்கள் தாமாக ஏற்கக் கூடாது என்று அதில் இருந்தது. ஆனால் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்ட்டின் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இலவசத் தளங்கள் விளம்பரத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. கதவு அன்றே மூடப்பட்டிருந்தால் பின்னால் வந்த எத்தனையோ வழக்குகளுக்கு வேலையே இருந்திருக்காது.

முதல் எச்சரிக்கை: டபுள்கிளிக்

இந்தக் கதவு வழியாக முதலில் பெரிய அளவில் நுழைந்தது டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம். அதனிடம் இருந்தது டோக்கன் எண்கள்தான், பெயர்கள் இல்லை. 1999இல் அது அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை 100 கோடி டாலருக்கு மேல் விலை பேசியது. அபாகஸிடம் இருந்தது, தபால் மூலம் பொருள் வாங்கிய அமெரிக்கக் குடும்பங்களின் பெயர், முகவரி, வாங்கிய பட்டியல். ஒரு பக்கம் பெயர் இல்லாத நடமாட்டம், இன்னொரு பக்கம் நடமாட்டம் இல்லாத பெயர். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்திடம் புகார் போனது. 2000 மார்ச்சில் டபுள்கிளிக்கின் தலைவர் கெவின் ஓ'கானர் தன் திட்டம் தவறு என்று ஒப்புக்கொண்டு பின்வாங்கினார். ஆனால் தொழில் நிற்கவில்லை. 2008இல் கூகுள் 310 கோடி டாலருக்கு டபுள்கிளிக்கை வாங்கி முடித்தது.

பீக்கன் சொல்லிக் கொடுத்த பாடம்

இப்போது மோதிரக் கதைக்கு வருவோம். 2004இல் தொடங்கிய பேஸ்புக், 2007 நவம்பரில் பீக்கன் என்ற திட்டத்தை 44 தளங்களோடு கூட்டு சேர்ந்து கொண்டு வந்தது. அந்தத் தளங்களில் நீங்கள் வாங்குவதும் செய்வதும் பேஸ்புக்கில் உங்கள் நண்பர்களுக்குச் செய்தியாகப் போகும். நண்பன் வாங்கினான் என்றால் நாமும் வாங்குவோம் என்பதுதான் கணக்கு. வணிகம் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல, வாய்வழி விளம்பரத்துக்கு இருக்கிற மதிப்பு வேறு எந்த விளம்பரத்துக்கும் கிடையாது.

டபுள்கிளிக்குக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டபுள்கிளிக் பெயரைத் தேடி இன்னொரு நிறுவனத்தை வாங்க வேண்டியிருந்தது. பேஸ்புக்குக்கு அந்தச் சிரமம் இல்லை. பெயர், புகைப்படம், பிறந்த நாள், நண்பர்கள் எல்லாவற்றையும் மக்களே மனமுவந்து கொடுத்திருந்தார்கள்!

மூவ்ஆன் என்ற அமைப்பு தொடங்கிய எதிர்ப்பில் சுமார் பத்து நாட்களில் 50,000 பேர் சேர்ந்தார்கள். டிசம்பர் 5ஆம் தேதி மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார். 2008இல் வழக்கு வந்தது. 2009இல் பீக்கன் மூடப்பட்டது. சமரசத் தொகை 95 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி அந்தரங்கப் பாதுகாப்புக்காகப் புதிதாக அமைக்கப்படும் ஓர் அறக்கட்டளைக்கும், ஒரு பகுதி வழக்கறிஞர்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட சாதாரண உறுப்பினர்களுக்குக் கைக்கு ஒன்றும் வரவில்லை.

பீக்கன் ஏன் தோற்றது என்று யோசித்தால் ஒரு கசப்பான உண்மை தெரியும். அது பின்தொடர்ந்ததால் மட்டும் தோற்கவில்லை. பின்தொடர்ந்தது வெளியே தெரிந்ததால் தோற்றது. மனைவிக்குச் செய்தி போகாமல் இருந்திருந்தால் அந்த மனிதருக்கு விஷயமே தெரிந்திருக்காது. அடுத்து வந்த கண்டுபிடிப்பு சத்தமே போடவில்லை.

அழுத்தாமலே வேலை செய்த பட்டன்

2010 ஏப்ரல் 21ஆம் தேதி பேஸ்புக் தன் லைக் பட்டனை மற்ற தளங்களுக்கும் கொடுத்தது. செய்தித்தாள், சமையல் குறிப்பு, மருத்துவத் தளம் என்று யார் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ள முடிந்தது. கட்டைவிரல் படம் சீக்கிரமே இணையம் முழுவதும் முளைத்தது.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருந்தது. அது பேஸ்புக்கின் சர்வரில் இருந்து வந்தது. பக்கத்தைத் திறந்தவுடன் உங்கள் பிரவுசர் பேஸ்புக்கிடம் போய் அந்தப் பட்டனைக் கேட்டது. கேட்கும்போது கையில் உள்ள பேஸ்புக் குக்கீயையும், நீங்கள் படிக்கும் பக்கத்தின் முகவரியையும் சேர்த்தே கொடுத்துவிட்டது. பட்டனை அழுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு நோயைப் பற்றி இரவு பன்னிரண்டு மணிக்கு ரகசியமாகப் படித்தால்கூட, அந்தப் பக்கத்தில் கட்டைவிரல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

அதே 2010 நவம்பரில் நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஆர்னால்ட் ரூசெண்டால் ஒரு கட்டுரை வெளியிட்டார். பேஸ்புக்கில் கணக்கே இல்லாதவர்களின் நடமாட்டமும் இந்த வழியில் பேஸ்புக்குக்குப் போக முடிகிறது என்று அவர் காட்டினார். 2011 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் குப்ரிலோவிச், லாக் அவுட் செய்த பிறகும் ஆளை அடையாளம் காட்டும் குக்கீ தங்கிவிடுகிறது என்று எழுதினார். பேஸ்புக் அதைச் சரிசெய்தது. ஆனால் இது பற்றி அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2022இல்தான் 9 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தது. பத்து வருடத்துக்கு மேல்!

ஜெர்மனியில் ஒரு அழகான பதில் கிடைத்தது. 2011இல் ஹைஸே என்ற தொழில்நுட்பப் பத்திரிகை தன் தளத்தில் 'இரண்டு கிளிக்' முறையைக் கொண்டு வந்தது. முதலில் தெரிவது வெறும் சாம்பல் நிறப் படம், அதற்கும் பேஸ்புக்குக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு முறை அழுத்தினால் உண்மையான பட்டன் வரும், இரண்டாவது முறை அழுத்தினால்தான் லைக் போகும். படிப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது தொழில்நுட்பத்தில் கஷ்டமே இல்லை என்று இது நிரூபித்தது.

1,222 பக்கங்கள்

இந்த வரலாற்றில் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கக் கூடிய பகுதி இதுதான். மாக்ஸ் ஷ்ரெம்ஸ், 1987இல் பிறந்தவர், ஆஸ்திரியாவின் வியன்னா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 2011இல் ஒரு செமஸ்டர் படிக்க கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே வகுப்பில் பேச பேஸ்புக்கின் வழக்கறிஞர் ஒருவர் வந்திருந்தார். ஐரோப்பிய அந்தரங்கச் சட்டத்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியவில்லை என்பது ஷ்ரெம்ஸுக்கு ஆச்சரியமாக இருந்தது. வகுப்புக்கு எழுத வேண்டிய கட்டுரைக்கு அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

ஐரோப்பாவில் 1995 முதலே ஒரு சட்டம் உண்டு. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று கேட்டு வாங்க ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது. அமெரிக்கா, கனடா தவிர்த்த நாடுகளின் உறுப்பினர்களோடு பேஸ்புக் செய்த ஒப்பந்தம் அதன் அயர்லாந்து கம்பெனி பெயரில் இருந்ததால், இந்தச் சட்டம் அதற்கும் பொருந்தும். ஷ்ரெம்ஸ் தன் தகவல்களைக் கேட்டு எழுதினார். ஒரு சிடி வந்தது. திறந்து பார்த்தால் 1,222 பக்கங்கள்! அவர் எப்போதோ அழித்துவிட்டதாக நினைத்த செய்திகள்கூட அதில் இருந்தன.

அந்த வருடமே அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையரிடம் 22 புகார்கள் கொடுத்தார். ஐரோப்பாவின் கோடிக்கணக்கான பேஸ்புக் உறுப்பினர்களுக்குக் காவல் இருக்க வேண்டிய அந்த அலுவலகம் அப்போது போர்ட்டார்லிங்டன் என்ற சிறிய ஊரில், ஒரு பலசரக்குக் கடையை ஒட்டி இருந்தது. ஆனாலும் பலன் இல்லாமல் போகவில்லை. பேஸ்புக்கில் ஒரு தணிக்கை நடந்தது. 2012இல் ஐரோப்பாவில் முகம் கண்டறியும் வசதியை பேஸ்புக் நிறுத்தியது.

2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ரகசியங்களுக்குப் பிறகு ஷ்ரெம்ஸ் இன்னொரு புகார் கொடுத்தார். பேஸ்புக் தன் தகவல்களை அமெரிக்காவுக்கு அனுப்புகிறது, அங்கே உளவு நிறுவனங்களிடம் இருந்து பாதுகாப்பு இல்லை என்பது அதன் சாரம். அயர்லாந்து ஆணையர் அதை விசாரிக்கவே மறுத்தார். ஷ்ரெம்ஸ் கோர்ட்டுக்குப் போனார். 2015 அக்டோபர் 6ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் 'சேஃப் ஹார்பர்' ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை நம்பித்தான் ஐரோப்பாவில் இருந்து அமெரிக்காவுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. அதற்குப் பதிலாக வந்த 'பிரைவசி ஷீல்டு' ஏற்பாடும் 2020 ஜூலை 16ஆம் தேதி அவர் வழக்கிலேயே விழுந்தது. வகுப்பில் கேட்ட ஒரு பேச்சு எங்கே கொண்டு வந்து விட்டது பாருங்கள்!

பட்டன் கோர்ட்டுக்கு வந்தது

லைக் பட்டன் மீதும் தனியாக வழக்குகள் நடந்தன. பெல்ஜியத்தில் அந்தரங்க ஆணையம் வழக்குப் போட்டது. கணக்கு இல்லாதவர் ஒருமுறை பேஸ்புக் பக்கம் ஒன்றைப் பார்த்தாலே 'டேட்டர்' என்ற குக்கீ இரண்டு வருடத்துக்கு ஒட்டிக்கொள்கிறது என்பது புகார். போலிக் கணக்குகளையும் தாக்குதல்களையும் தடுக்கவே அது தேவை என்று பேஸ்புக் வாதாடியது. 2015 நவம்பரில் பிரசல்ஸ் நீதிமன்றம் 48 மணி நேரத்தில் நிறுத்தச் சொன்னது, இல்லை என்றால் ஒரு நாளைக்கு 2.5 லட்சம் யூரோ அபராதம். ஆனால் 2016இல் மேல்முறையீட்டில் பேஸ்புக் ஜெயித்தது. 2018இல் இன்னொரு தீர்ப்பு மீண்டும் பேஸ்புக்குக்கு எதிராக வந்தது. அயர்லாந்தில் அலுவலகம் உள்ள கம்பெனி மீது பெல்ஜியம் வழக்குப் போடலாமா என்ற கேள்வியிலேயே வருடங்கள் ஓடின.

2019 ஜூலை 29ஆம் தேதி வந்த தீர்ப்பு இன்னும் சுவாரசியமானது. ஜெர்மனியில் பேஷன் ஐடி என்ற துணிக்கடைத் தளம் லைக் பட்டன் வைத்திருந்தது. பட்டனை வைத்த தளமும் தகவலைச் சேகரித்து அனுப்புவதில் பேஸ்புக்கோடு சேர்ந்து பொறுப்பாளி என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாசலில் அடுத்தவர் கேமரா மாட்ட இடம் கொடுத்துவிட்டு எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று கடைக்காரர் சொல்ல முடியாது அல்லவா?

இதற்கிடையே 2018 மே 25ஆம் தேதி ஐரோப்பாவின் புதிய தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஷ்ரெம்ஸ் 2017இல் தொடங்கிய 'நாய்ப்' என்ற அமைப்பு அன்றைக்கே பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்டவை மீது புகார் கொடுத்தது. 2023 ஜனவரியில் மெட்டாவுக்கு (2021 அக்டோபரில் பேஸ்புக் கம்பெனிக்கு வைத்த புதுப் பெயர்) 39 கோடி யூரோவும், அமெரிக்காவுக்குத் தகவல் அனுப்பியதற்காக மே மாதத்தில் 120 கோடி யூரோவும் அபராதம் விழுந்தன. 2024 அக்டோபரில் ஷ்ரெம்ஸின் இன்னொரு வழக்கில், தளத்துக்கு உள்ளேயும் வெளியேயும் சேகரித்த எல்லாத் தகவலையும் கால வரம்பு இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

இவ்வளவு அபராதம் கட்டியும் ஏன் விட மனமில்லை? விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. லைக் பட்டன் வெளியே வந்த 2010இல் பேஸ்புக்கின் வருமானம் சுமார் 197 கோடி டாலர். 2023இல் மெட்டாவின் வருமானம் சுமார் 13,490 கோடி டாலர். அதில் 100க்கு 97க்கு மேல் விளம்பரத்தில் வந்தது. ஆளைத் தெரிந்து காட்டும் விளம்பரத்துக்குத்தான் இந்த விலை.

இரண்டு நாட்களை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். 2019 ஜூலையில் அமெரிக்க வர்த்தக ஆணையம் பேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப் போகிறது என்ற செய்தி வந்தது. சரித்திரம் காணாத தொகை. அன்று அதன் பங்கு விலை இறங்கவில்லை, ஏறியது! முதலீட்டாளர்களுக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான்.

இரண்டாவது நாள் 2022 பிப்ரவரி 3. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோன்களில் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியிருந்தது. மற்ற நிறுவனங்களின் தளங்களிலும் செயலிகளிலும் உங்களைப் பின்தொடர இந்தச் செயலியை அனுமதிக்கலாமா என்பதுதான் கேள்வி. இதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையலாம் என்று மெட்டா அறிவித்தது. தினசரி உறுப்பினர் எண்ணிக்கையும் குறைந்திருந்தது, டிக்டாக் போட்டியும் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் பங்கு விலை 26 சதவீதம் விழுந்தது. 23,000 கோடி டாலருக்கு மேல் சந்தை மதிப்பு காணாமல் போனது. அபராதத்துக்கு அசையாத கம்பெனி, "கேட்டுவிட்டுச் செய்" என்ற ஒரு வரிக்கு ஆடிப் போனது.

பிரவுசர்களும் மெதுவாக மாறின. ஆப்பிளின் சஃபாரி 2017இலும், ஃபயர்பாக்ஸ் 2019இலும் பின்தொடரும் குக்கீகளைத் தாமாகத் தடுக்க ஆரம்பித்தன. கூகுள் 2020இல் குரோமிலும் மூன்றாம் ஆள் குக்கீயை ஒழிப்பதாகச் சொல்லியது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கூகுளும் விளம்பரக் கம்பெனி என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில்

இந்தியாவிலும் மாணவர்கள் கேட்டார்கள். 2016இல் வாட்ஸ்அப், தன் உறுப்பினர்களின் தகவல்களை பேஸ்புக்கோடு பகிர்வதாக விதியை மாற்றியபோது, இரண்டு மாணவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016 செப்டம்பர் 25 வரையிலான தகவலைப் பகிரக் கூடாது என்று கோர்ட் சொன்னது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஆதார் தொடர்பான புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

செய்யக் கூடியவை

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குச் சில எளிய வழிகள்:

1. பிரவுசரில் மூன்றாம் தரப்பு குக்கீகளைத் தடுக்கும் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான தளங்கள் வழக்கம்போலவே வேலை செய்யும்.

2. சமூக வலைத்தளத்துக்கு ஒரு பிரவுசர், மற்ற வேலைகளுக்கு வேறு பிரவுசர் என்று பிரித்துவிடுங்கள். ஃபயர்பாக்ஸில் இதற்கென்றே பேஸ்புக் கன்டெய்னர் என்ற நீட்சி 2018இல் வந்தது.

3. பேஸ்புக் கணக்கின் அமைப்புகளில், மற்ற தளங்களும் செயலிகளும் உங்களைப் பற்றி அனுப்பிய தகவல்களைப் பார்க்கலாம், கணக்கில் இருந்து துண்டிக்கலாம். ஒரு முறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

4. எல்லாத் தளத்திலும் பேஸ்புக் கணக்கைக் கொண்டே நுழைவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவை முழுப் பாதுகாப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். குக்கீயைத் தடுத்தாலும், கடைக்காரரே உங்கள் மின்னஞ்சலையோ போன் எண்ணையோ தன் சர்வரில் இருந்து நேராக விளம்பரக் கம்பெனிக்கு அனுப்பிப் பொருத்திப் பார்க்க முடியும். அது உங்கள் பிரவுசருக்குத் தெரியவே தெரியாது. அதைத் தடுக்கச் சட்டத்தால்தான் முடியும்.

ரகசியம் இல்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. மோதிரம் வாங்கிய அந்த மனிதர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மனைவிக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்க நினைத்தார், அதை எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையதாக இருந்திருக்க வேண்டும். அந்தரங்கம் என்பது அந்த உரிமைதான். அது தானாகக் கிடைக்காது என்று இந்த முப்பது வருடக் கதை சொல்கிறது. அதே சமயம், "என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு மாணவர் எழுதிய கடிதம் எவ்வளவு தூரம் போகும் என்றும் சொல்கிறது.